ஷிகோகு நடைப்பயணம்: ஒருவர் வேகம், ஒருவர் மெதுவு. எப்படித் திட்டமிடுவது?

மஞ்சக்குப்பத்தான்:
ஜப்பானின் ஷிகோகு தீவில் இருக்கிற 88 கோயில் யாத்திரையில் தொகுஷிமா பகுதியில் இருக்கிற 1 முதல் 23 வரை மட்டும் நடக்கலாம் என்று நானும் அண்ணனும் நினைக்கிறோம். எனக்கு 49, அவருக்கு 61. கடலூர் சில்வர் பீச்சில் தினமும் 6 கி.மீ. நடக்கிறோம். இறக்கம் வந்தால் அவருக்கு முட்டி வலிக்கும். 10 நாள் போதுமா? 11-இலிருந்து 12-க்குப் போகிற மலைப்பாதையைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்களே? நாங்கள் சைவம் வேறு.

செஞ்சிக்கோட்டை:
10 நாள் போதும், நடுவில் ஒரு நாள் ஓய்வு உட்பட. கணக்கை அண்ணனின் நடையை வைத்துப் போடுங்கள்.

முதல் 10 கோயில் பெரும்பாலும் சமவெளிதான். 10-ஆவது கிரிஹதாஜியில் 333 படி. முட்டி என்ன சொல்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

11 ஃபுஜீதெராவிலிருந்து 12 ஷோசான்ஜிக்கு சுமார் 13 கி.மீ.தான், ஆனால் 6 முதல் 8 மணி நேரம் பிடிக்கும். சுமார் 745 மீட்டர் வரை ஏறி, 400 மீட்டர் உயரத்துக்கு இறங்கி, மறுபடி 700-க்கு ஏற வேண்டும். பலரும் மாட்டிக்கொள்வது அந்த நடு இறக்கத்தில். முட்டி களைத்த பிறகுதான் கடைசி ஏற்றமே வருகிறது. வழியில் கடை கிடையாது. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், மதியச் சாப்பாடு எல்லாம் முதல் நாளே வாங்கிவிடுங்கள். விடிந்ததும் கிளம்புங்கள். யாத்திரைப் புத்தகத்தில் கோயில் முத்திரை போடும் இடம் மாலை 5 மணிக்கு மூடிவிடும். மேலே தங்க இடம் குறைவு, முன்பதிவு இல்லாமல் ஏறாதீர்கள்.

முழுக்க நடந்தே ஆகவேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. அண்ணன் அன்று டாக்ஸியில் போய் 12-இல் காத்திருக்கலாம். 20, 21-உம் மலைதான். 21 தைர்யூஜிக்கு ரோப்வே இருக்கிறது.

கடலூர்க் கடற்கரை நடை இதற்குப் போதாது. செஞ்சிக் கோட்டையில் காலையில் ராஜகிரி மலை ஏறி இறங்கி, அதே நாள் கிருஷ்ணகிரி மலையும் ஏறுங்கள். ஏறி இறங்கி மறுபடி ஏறுவதுதான் இங்கே பழக வேண்டியது. முதுகுப்பையைப் பயணத்தில் சுமக்கப்போகிற அதே எடையோடு சுமந்து ஏறுங்கள், 6 கிலோவுக்கு மேல் வேண்டாம். இறக்கத்துக்கு முன் கால் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஷூ முனையில் இடித்து நகம் கறுத்துவிடும்.

முத்தியால்பேட்டை:
சைவத்துக்கு ஒரு எச்சரிக்கை. சூப், குழம்பு, வேகவைத்த காய் என்று எல்லாவற்றிலும் உலர்ந்த மீனில் எடுத்த ‘தஷி’ சாறு இருக்கும். “மீன் வேண்டாம்” என்று மட்டும் சொன்னால் அது அடங்காது. தங்குமிடத்துக்கு முன்பதிவின்போதே ‘தஷியும் வேண்டாம்’ என்று எழுதிவிடுங்கள். கடையில் உப்பு மட்டும் போட்ட சோற்று உருண்டை கிடைக்கும். கையோடு புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் இருந்தால் கவலையில்லை.

முத்திரைக்குக் கோயிலுக்கு 500 யென், 2024 ஏப்ரலுக்கு முன் 300 இருந்தது. 23 கோயிலுக்கு ஆளுக்கு 11,500. ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சக்குப்பத்தான்:
மிக்க நன்றி. கோயிலில் என்ன முறை? எங்கள் பழக்கத்தில் தப்பு செய்துவிடக் கூடாது.

செஞ்சிக்கோட்டை:
வாசலில் ஒருமுறை குனிந்து வணங்கி, கை, வாய் கழுவி, மணியடித்து உள்ளே போக வேண்டும். திரும்பும்போது மணி அடிக்கக் கூடாது. முதலில் மூலக்கோயில், அடுத்து தாய்ஷி மண்டபம், அதாவது இந்த யாத்திரை யார் பெயரில் நடக்கிறதோ அந்தத் துறவி கோபோ தாய்ஷியின் மண்டபம். இரண்டிலும் ஒரு மெழுகுவர்த்தி, மூன்று ஊதுபத்தி. நம் ஊரில் பக்கத்து விளக்கில் ஏற்றிக்கொள்வோமே, அங்கே அது கூடாது. அடுத்தவர் வினையை நாம் வாங்கிக்கொள்வதாக நம்பிக்கை. சொந்தத் தீப்பெட்டி வேண்டும். வர்த்தியைப் பின்வரிசையில் வையுங்கள், அப்போதுதான் அடுத்து வைப்பவர் கை சுடாது.

யாத்ரீகர் தொப்பியில் ‘தோகியோ நினின்’ என்று இருக்கும். இருவர் சேர்ந்து நடக்கிறோம் என்று பொருள். கூட வரும் அந்த இன்னொருவர் கோபோ தாய்ஷி, யாத்ரீகர் ஊன்றி நடக்கும் கைத்தடியே அவர் என்பது நம்பிக்கை. அதனால் பாலத்தின் மேல் தடியை ஊன்றாதீர்கள், அவர் கீழே தூங்குவதாக ஐதீகம். தங்குமிடம் சேர்ந்ததும் முதலில் தடியின் நுனியைக் கழுவிவிட்டு, பிறகுதான் உங்கள் காலைக் கழுவ வேண்டும்.

அண்ணனுக்கு அந்த ஒரு தடி இறக்கத்தில் போதாது. மலைக்கு இரண்டு மடக்குத் தடி தனியாக வாங்கிக்கொடுங்கள்.