கிதுல்கலயில் ஒரே நாளில் காட்டு நடை, கன்யனிங், ராஃப்டிங்: எப்படித் தயாராவது?

மழைக்குருவி:
வணக்கம். ஒஃபிஸ் ஆட்கள் பத்துப் பேர் ஒக்டோபர் கடைசியில் கொழும்பிலிருந்து கிதுல்கல போகிறோம். காலையில் காட்டு நடை, மத்தியானம் களனி ஆற்றில் ராஃப்டிங் (ரப்பர் படகில் ஓட்டத்தோடு போவது), பின்னேரம் மூன்று மணிக்குக் கன்யனிங் (ஓடை வழியே பாறைகளில் கயிறு பிடித்தும் குதித்தும் இறங்குவது) என்று அட்டவணை தந்திருக்கிறார்கள். எனக்கு நீச்சல் தெரியாது. கண்ணாடி இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்பவர் முகமே மங்கல். அட்டை என்றால் உடம்பெல்லாம் கூசும். ஆனாலும் போக அவ்வளவு ஆசை. என்ன உடுப்பு, என்ன சப்பாத்து? சல்வாரோடு வரலாமா என்று இரண்டு அக்காமாரும் கேட்கிறார்கள்.

யட்டியாந்தோட்டைக்காரன்:
தங்கச்சி, உடுப்பு பிறகு. முதலில் அந்த அட்டவணையை மாற்றச் சொல்லுங்கள். ஒக்டோபர், நவம்பரில் எங்கள் பக்கம் காலையில் நல்ல வெயில் எறிக்கும், பின்னேரம் இடியோடு மழை கொட்டும். கன்யனிங் போகும் ஓடை குறுகியது, இரண்டு பக்கமும் பாறை. மேலே மலையில் மழை பெய்தால், நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளி விழாமலே தண்ணீர் ஏறிவிடும். அதனால் கன்யனிங்தான் காலையில் முதல் வேலை. தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, இலையும் குச்சியும் அடித்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே கரையேற வேண்டும். வழிகாட்டி “இன்றைக்கு வேண்டாம்” என்றால், கட்டிய காசுக்காக யாரும் அவரோடு வாதாட வேண்டாம். இதை வான் வண்டியில் ஏறும்போதே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

முதல் நாள் இரவு, கிதுல்கல இருக்கும் கேகாலை மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா என்றும் பாருங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அதை வெளியிடும். 2016இல் மண் சரிந்த அரநாயக்க எங்கள் மாவட்டம்தான். இங்கே யாரும் அதை மறக்கவில்லை.

சரி, உடுப்பு. ஜீன்ஸ் நனைந்தால் கனக்கும். சல்வாரின் ஷாலும் தொளதொள காற்சட்டையும் கயிற்றில் சிக்கும். லெகிங்ஸ், முழுக்கை டீசேர்ட் போதும். லேஸ் இறுக்கிக் கட்டும் பழைய கன்வஸ் சப்பாத்து நல்லது, செருப்பை ஆறு கொண்டுபோய்விடும். கண்ணாடிக்குப் பின்பக்கம் கயிறு கட்டுங்கள்.

நீச்சல் தெரியாதவர்களும் ராஃப்டிங் போகிறார்கள். லைஃப் ஜாக்கெட்டைப் பூட்டிய பிறகு, தோள்பட்டியைப் பிடித்து யாரையாவது மேலே தூக்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறினால் அது உங்களுக்குப் பெரிது, வேறு கேளுங்கள். தண்ணீரில் விழுந்தால் மல்லாந்து படுத்து, ஓட்டம் போகும் பக்கம் காலை நீட்டி, கால்விரல்கள் மேலே தெரியும்படி வையுங்கள். எழுந்து நிற்கவே கூடாது. கால் பாறை இடுக்கில் மாட்டினால், ஓட்டம் ஆளை முகம் குப்புற அமுக்கிவிடும். கன்யனிங்கில் குதிக்கும் இடங்களுக்குப் பக்கவழி உண்டா என்று இப்போதே போன் பண்ணிக் கேளுங்கள். இல்லையென்றால் அதை விட்டுவிட்டுக் காட்டு நடைக்குப் போங்கள்.

வார்ட்_அக்கா:
அண்ணா சொன்னதோடு இரண்டு விஷயம். அட்டையைப் பிடுங்கவோ நெருப்பால் சுடவோ வேண்டாம். வாய்ப்பக்கம் நகத்தைச் சரித்துத் தள்ளினால் கழன்றுவிடும். அதன் எச்சில் இரத்தத்தை உறைய விடாது, அதனால் சின்னக் கடிதான் என்றாலும் நெடுநேரம் கசியும். பயப்படாமல் சோப் போட்டுக் கழுவி அழுத்திப் பிடியுங்கள். நீண்ட சொக்ஸுக்குள் லெகிங்ஸைச் செருகினால் பாதித் தொல்லை குறையும்.

நான் அதிகம் கவலைப்படுவது எலிக்காய்ச்சலுக்குத்தான். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து காயம் வழியே தொற்றும். காலில் வெட்டுக்காயம் இருந்தால் ஓடையில் இறங்காதீர்கள். அது வராமல் தடுக்க முன்கூட்டியே டொக்ஸிசைக்ளின் மருந்து வேண்டுமா என்று எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையில் கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அந்த மருந்து ஆகாது, ஆகவே நீங்களாக வாங்கி விழுங்க வேண்டாம். போய் வந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால், பனடோலோடு வீட்டில் இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் “ஓடைத் தண்ணீரில் இறங்கினேன்” என்று சொல்லுங்கள். டொக்டருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

மழைக்குருவி:
மிக்க நன்றி அண்ணா, அக்கா. போன் பண்ணினேன், கன்யனிங்கைக் காலை எட்டரைக்கு மாற்றித் தருகிறார்களாம். ராஃப்டிங் நேரம் மட்டும் முதல் நாள்தான் சொல்வார்களாம். அது ஏன்?

யட்டியாந்தோட்டைக்காரன்:
மேலே பிராட்லண்ட்ஸ் அணை இருக்கிறது, தங்கச்சி. எப்போது எவ்வளவு தண்ணீர் விடுகிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் படகு இறக்க முடியும். நடுவில் காத்திருக்க நேர்ந்தால் மாற்றுடுப்பு, துவாய், கொஞ்சம் ரொட்டி வானிலேயே இருக்கட்டும். போன்களையும் டிரைவரிடமே கொடுத்துவிடுங்கள்.