'உளைநடை': கருத்து தேவை

நண்பர்களுக்கு வணக்கம்.

தொலைதூரப் போர் ஒன்றுக்குள் அந்நிய வல்லரசு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச் சேர்வதற்கு, அதாவது 'மிஷன் கிரீப்' என்பதற்குத் தமிழ்ச் சொல்லாக, நம் குழுவின் அக்கா போன மடலில் 'போரிழுபடல்' என்று எழுதியிருந்தார். ஓசை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இழுத்தவர் யார்?

வியட்நாமையே பாருங்கள். 1960 முடிவில் அங்கே அமெரிக்கப் படையினர் சுமார் 900 பேர், 'ஆலோசகர்கள்' என்ற பெயரில். 1963 முடிவில் ஏறக்குறைய 16,000. 1965 மார்ச் 8 அன்று டா நாங் கடற்கரையில் சுமார் 3,500 மரைன்கள், அதாவது அமெரிக்கக் கடல்சார் படையினர், இறங்கினார்கள். சொன்ன காரணம், விமானத்தளத்துக்குக் காவல். ஒரு மாதம்கூட ஆகவில்லை, வெளியே போய்த் தாக்கவும் அதிபர் ஜான்சன் ஒப்புதல் கொடுத்துவிட்டார். அந்த ஆண்டு முடிவில் சுமார் 1,84,000, 1969இல் 5,43,000. ஒவ்வொரு படிக்கும் கையெழுத்துப் போட்ட ஆள் உண்டு. யாரும் கழுத்தில் கயிறு கட்டி இழுக்கவில்லை.

படிப்படியாகப் புதைவது என்ற பொருளில் 'படிப்புதைவு' என்றும் யோசித்தேன். பையன் வாசித்துவிட்டு, "படிப்பை எதுக்குப்பா புதைக்கிறீங்க?" என்றான். விட்டுவிட்டேன்.

போன மாதம் கோத்தகிரியில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே, சதுப்போரம் மேய்ந்த பசுவை ஓட்டிவரப் போனேன். மேலே பச்சைப் புல்தான் தெரிந்தது. வலது கால் கணுக்கால்வரை இறங்கியது. அதை எடுக்க இடது காலை ஊன்றினேன். அது முழங்கால்வரை போய்விட்டது. தளத்தைக் காக்க வந்தவர்களைக் காக்க இன்னும் ஆள் வந்த கதை இதுதான். (பசு தானாக வீடு சேர்ந்துவிட்டது.)

இந்தச் சேற்றுக்கு நம்மிடம் 'உளை' இருக்கிறது. பழைய தமிழ் பைபிளின் சங்கீதப் புத்தகத்தில் 'உளையான சேறு' வருகிறதே, அதே உளை. நடப்பவர் தன் காலால்தான் நடக்கிறார். ஆகவே 'உளைநடை'. என்ன சொல்கிறீர்கள்?

பதில்:

அண்ணா, உளை சரி. நடை வேண்டாம். குன்னூர் பஸ்ஸில் செல்பேசியில் வாசித்தேன். இரண்டு தடவையும் 'உரைநடை' என்றே கண்ணில் பட்டது. 'போரில் இறங்கினான்' என்றுதானே சொல்கிறோம்? 'உளையிறக்கம்' என்று வையுங்கள். டா நாங்கில் படையை இறக்கியதும் அதற்குள்ளேயே வந்துவிடும். 'இறக்கம்' என்றால் மேட்டுப்பாளையம் ரோடு ஞாபகம் வருமே என்பீர்கள். வரட்டும், பொருத்தம்தான். வினையாக்கினால் 'உளையிறங்கியது' ஒட்டுமா என்று அக்காதான் சொல்ல வேண்டும்.