பிப்ரவரியில் நீஸ் போகலாமா? அம்மாவோடு நான்கு நாள்

காவிரிக்கரை எழுதியது:

வணக்கம். தங்கை ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறாள். ஜனவரி கடைசியில் அம்மாவும் நானும் அவளிடம் போகிறோம், மூன்று வாரம். "பனியில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்காமல் நடுவில் ஒரு நான்கு நாள் நீஸ் போய்விட்டு வாங்க" என்று மாப்பிள்ளை சொல்கிறார். எனக்குத்தான் தயக்கம். பிரான்சின் தெற்குக் கடற்கரை என்றாலே கோடீஸ்வரர்களின் படகு, சூதாட்ட விடுதி, கோடை வெயிலில் குளியல் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். பிப்ரவரியில் போய் நாங்கள் என்ன செய்வது?

அம்மாவுக்கு 68 வயது. இடது முழங்காலில் வலி, கால் மணி நேரம் நடந்தால் உட்கார வேண்டும். சுத்த சைவம், முட்டையும் கிடையாது. எனக்கு ஊரின் வரலாறு தெரிந்துகொண்டு போக ஆசை. அங்கே இருப்பவர்கள், போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பயணப்பிரியன் எழுதியது:

போன ஆகஸ்டில் குடும்பத்தோடு போனோம். மெரினா மாதிரி மணலில் காலாற நடக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள், கரை முழுக்கக் கூழாங்கல். செருப்பில்லாமல் பத்தடி வைக்க முடியாது. விரித்துப் படுக்க இடம் தேடியே பாதி நாள் போய்விட்டது. அறை வாடகை யானை விலை. கோடையிலேயே இப்படி என்றால் குளிர்காலத்தில் என்ன இருக்கப்போகிறது? நானாக இருந்தால் அந்தக் காசுக்கு ரோம் போவேன்.

காரைக்கால்_அக்கா எழுதியது:

தம்பி காவிரிக்கரை, தயங்காமல் வாருங்கள். 1998ல் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தேன். கடற்கரைச் சாலையில் ஒரு பெரிய ஹோட்டலின் துணி அறையில் 19 வருடம் வேலை பார்த்தேன். அதை வைத்துச் சொல்கிறேன்: இந்த ஊர் யாருக்காக உண்டானதோ, உங்கள் அம்மா அந்த ஆள்தான். எந்த மாதத்துக்காக உண்டானதோ, அந்த மாதத்தில்தான் வருகிறீர்கள்.

நீஸ் பிறவியிலேயே குளிர்கால ஊர். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஈரத்திலும் புகையிலும் நெஞ்சு கெட்டுப்போனவர்களை, தெற்கே வெயிலுக்குப் போங்கள் என்று மருத்துவர்கள் அனுப்பிவைத்தார்கள். அக்டோபர் வாக்கில் வருவார்கள், வசந்தம் முற்றியதும் கிளம்பிவிடுவார்கள். கோடையில் ஹோட்டல்களே பூட்டிக் கிடக்கும். வந்தவர்களில் பலர் திரும்பிப் போகவும் இல்லை. புஃபா தெருவில் ஆங்கிலேயர்களின் தேவாலயத்தை ஒட்டிச் சின்னக் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

அன்றைக்கு இது பிரான்சும் இல்லை. சவாய் வம்சத்தின் சார்டீனிய அரசுக்குச் சொந்தமாக இருந்து, 1860ல்தான் நிரந்தரமாகப் பிரான்சோடு சேர்ந்தது. இத்தாலியை ஒன்றாக்கப் போராடிய கரிபால்டி 1807ல் பிறந்தது இந்த ஊரில். பிறந்த ஊர் கைமாறியதை அவரால் கடைசிவரை ஏற்கவே முடியவில்லை. பழைய ஊரின் தெருப் பலகைகளில் பிரெஞ்சோடு இந்த ஊரின் சொந்த மொழியான நிஸாரிலும் பெயர் எழுதியிருப்பார்கள், கவனியுங்கள்.

கடற்கரைச் சாலைக்கு ஆங்கிலேயர் உலாவீதி என்றே பெயர். 1820-21 குளிர்காலத்தில் கடும் உறைபனியில் ஆரஞ்சு மரங்கள் கருகிப்போய், தோட்டக் கூலிகள் வேலையில்லாமல் பிச்சைக்கு வந்துவிட்டார்கள். லூயிஸ் வே என்ற ஆங்கிலப் பாதிரியார், குளிருக்குத் தங்க வந்திருந்த தன் நாட்டவரிடம் பணம் திரட்டி, அவர்களுக்குக் கூலி கொடுத்துக் கடலோரமாகப் பாதை போட வைத்தார். முதலில் இரண்டு மீட்டர் அகலம்தான். இன்றைக்கு ஏழு கிலோமீட்டர் நீளம். பஞ்ச காலத்தில் நம் பக்கம் கூலி கொடுத்து ஏரி வெட்டினார்களே, அந்த மாதிரி ஒரு வேலையில் பிறந்த சாலை இது. மற்றவர்கள் பகட்டு என்று பார்க்கும் அந்தச் சாலையில் எனக்கு அந்தக் கூலிகள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள்.

1864ல் ரயில் வந்தது. ரஷ்யாவின் ஜார் குடும்பம் வந்தது. பட்டத்து இளவரசர் நிக்கோலாய் உடல் தேற வந்த இடத்தில் 1865ல், 21 வயதில் இறந்துபோனார். அவர் உயிர்விட்ட மாளிகை நின்ற தோட்டத்தில்தான் ரஷ்யத் தேவாலயம் இருக்கிறது. 1912ல் கட்டி முடித்தது. வெங்காய வடிவக் குவிமாடங்கள், உள்ளே மெழுகுவர்த்தி வெளிச்சம். அம்மாவுக்குப் பிடிக்கும்.

கோடைக் கூட்டமெல்லாம் பிற்பாடு வந்தது. வெயிலில் கறுப்பது அழகு என்ற எண்ணம் 1920களில் பரவியது. 1936ல் பிரான்சில் தொழிலாளிகளுக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுப்பு சட்டமானது. ரயில் ஏறி முதல்முறை கடலைப் பார்க்க வந்த குடும்பங்களை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் ஊரின் அமைப்பு இன்னும் பழைய நோயாளிகளுக்கானது. சமதளச் சாலை, தெற்கே பார்த்த பால்கனி, எங்கே திரும்பினாலும் உட்கார இடம். 2021ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோதும் 'குளிர்கால வாசஸ்தலம்' என்றுதான் சேர்த்தார்கள்.

எங்கள் துணி அறையில் மாதம் தெரிய நாட்காட்டி வேண்டாம். ஆகஸ்டில் விரிப்பை உதறினால் சன்ஸ்கிரீன் எண்ணெய்க் கறை, மடிப்பிலிருந்து பொடிக் கற்கள் உதிரும். ஜனவரியில் கற்பூரத் தைல வாசனை. குளிருக்கு வரும் வயதானவர்கள் ஆளுக்கு இரண்டு போர்வை கேட்பார்கள், ஒன்று கட்டிலுக்கு, ஒன்று பால்கனி நாற்காலிக்கு. அதை மடியில் போர்த்திக்கொண்டு பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊருக்கு நடுவே பாயோன் என்று ஓர் ஆறு ஓடுகிறது. இப்போது மூடிவிட்டார்கள், மேலே நீளமான பூங்கா. ஒருநாள் பழைய சாமான் கடையில் ஒரு தபால் அட்டை பார்த்தேன். அதே ஆற்றுப்படுகையில் நீஸ் பெண்கள் வரிசையாக மண்டியிட்டுத் துணி துவைக்கிறார்கள். பின்னால் கூழாங்கல் மேல் வெள்ளை வெள்ளையாக விரிப்புகள் காய்கின்றன. குளிர்காலத்துக்கு வந்த அத்தனை பெரிய மனிதர்களின் வெள்ளைத் துணியையும் வெளுத்துக் கொடுத்த கைகள் அவை. அதை வாங்கி வந்து சமையலறையில் ஒட்டிவைத்திருக்கிறேன். அரசர்கள் பெயரில் இங்கே எத்தனையோ தெருக்கள் இருக்கின்றன. எனக்கு நீஸின் வரலாறு அந்த அட்டையில்தான் தொடங்குகிறது.

காவிரிக்கரை எழுதியது:

அக்கா, படித்து முடித்து அம்மாவிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். அந்தத் தபால் அட்டைப் பகுதியை மறுபடி வாசிக்கச் சொன்னார். எங்கள் பாட்டி காவிரிப் படித்துறையில் துவைத்ததை அம்மா பார்த்திருக்கிறார். சாப்பாடும் ஒரு நாள் எப்படிப் போகும் என்பதும் சொன்னால் டிக்கெட் போட்டுவிடுவேன்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சிமியே குன்றுக்குப் போக மறக்காதீர்கள், பஸ் உண்டு. விக்டோரியா மகாராணி 1895 முதல் 1899 வரை வசந்த காலத்தில் அங்கேதான் வந்து தங்கினார். அவருக்கு ஏற்றபடி கட்டிய ரெஜினா ஹோட்டல் 1897ல் திறந்தது. அவரோடு நம் நாட்டுக்காரர் ஒருவரும் வந்தார், ஆக்ராவிலிருந்து போய் மகாராணிக்கு உருது கற்றுக்கொடுத்த முன்ஷி அப்துல் கரீம். அவரையும் அழைத்து வந்தால் நாங்கள் வரமாட்டோம் என்று 1897ல் அரண்மனை அதிகாரிகள் முரண்டு பிடித்தார்கள். மகாராணி விடவில்லை, கரீம் வந்தார். அந்த ரெஜினா பின்னாளில் அடுக்குக் குடியிருப்பாக மாறியது. ஓவியர் மத்தீஸ் 1938ல் அங்கே வீடு வாங்கினார். 1954ல் நீஸிலேயே இறந்து, சிமியே கல்லறையில்தான் இருக்கிறார். பக்கத்தில் ஒலிவத் தோப்பு. நூற்றாண்டுகள் கண்ட மரங்களின் நிழலில் அம்மா உட்காரலாம்.

காரைக்கால்_அக்கா எழுதியது:

தம்பி, சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். இந்த ஊர்க்காரர்களின் சொந்தப் பலகாரமே கொண்டைக்கடலை மாவுதான், பெயர் சொக்கா. மாவு, தண்ணீர், ஒலிவ எண்ணெய், உப்பு, அவ்வளவே. முட்டை கிடையாது. மாட்டு வண்டிச் சக்கரம் போல அகலமான செம்புத் தட்டில் மெல்லியதாக ஊற்றி, விறகு அடுப்புக்குள் தள்ளுவார்கள். ஓரம் கருகி மொறுமொறுவென்றும் நடு கொஞ்சம் இளகியும் வரும். சுரண்டிப் பிய்த்துக் காகிதத்தில் வைத்துத் தருவார்கள். மிளகுத்தூளை நீங்களே தாராளமாகப் போட்டுக்கொண்டு, கையால் சூட்டோடு சாப்பிட வேண்டும். ஆறினால் பிரயோசனமில்லை. வந்த புதிதில் காரைக்காலை நினைத்து அழுதுகொண்டிருந்தவளுக்கு முதல் வாய் சொக்காதான் தெம்பு கொடுத்தது.

பிஸ்ஸலதியேர் என்ற வெங்காய ரொட்டி கண்ணுக்குச் சைவம் மாதிரி இருக்கும், ஆனால் நெத்திலி சேர்ப்பார்கள். வேண்டாம். ரத்தத்துய் காய்கறிக் கூட்டு தாராளமாகச் சாப்பிடலாம்.

காலையில் சலேயா சந்தைக்குப் போங்கள். பூவும் காயும் பழமும். திங்கட்கிழமை மட்டும் பழைய பொருள் சந்தை, தபால் அட்டைகள் அங்கே நிறையக் கிடைக்கும். பிப்ரவரியில் மிமோசா பூக்கும், மஞ்சள் மஞ்சளாகக் கொத்துக் கொத்தாக. திருவிழாக் காலமும் அதுதான். 1876ல் தொடங்கிய பூப்போர் ஊர்வலத்தில் வண்டியிலிருந்து மிமோசாவைக் கூட்டத்தை நோக்கி வீசுவார்கள். அந்த வருடத் தேதியைப் பார்த்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள்.

கோட்டைக் குன்றுக்கு லிஃப்ட் இருக்கிறது, காசு கிடையாது. மேலே கோட்டை இல்லை, 1706ல் பதினான்காம் லூயி இடித்துத் தள்ளிவிட்டார். ஆனால் மொத்த வளைகுடாவும் காலடியில் தெரியும்.

மற்ற நேரமெல்லாம் உலாவீதியில் நீல நாற்காலிகள் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் உட்காரலாம். பகலில் 13, 14 டிகிரி இருக்கும். ஸ்வெட்டர், ஒரு சால்வை போதும். முதுகுக்குப் பின்னால் நெக்ரெஸ்கோ ஹோட்டலின் இளஞ்சிவப்புக் குவிமாடம். புக்கரெஸ்டில் சத்திரம் நடத்தியவரின் மகன் ஹென்ரி நெக்ரெஸ்கோ 1913ல் திறந்தார். அடுத்த வருடமே முதல் உலகப் போர் வந்து ஹோட்டல் ராணுவ மருத்துவமனையானது. எல்லாம் இழந்து 1920ல் இறந்துபோனார். அதன் பெயரைச் சொல்லும்போது அவரையும் அம்மாவுக்குச் சொல்லுங்கள்.

பன்னிரண்டு மணிக்குக் குன்றிலிருந்து டமார் என்று வெடிச் சத்தம் கேட்கும். பயப்பட வேண்டாம். அரட்டையில் நேரம் போவது தெரியாமல் இருக்கும் மனைவியைச் சாப்பாட்டுக்கு வரவழைக்க ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் 1860களில் ஆரம்பித்தது என்று ஊரில் சொல்வார்கள். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், தூக்கிவாரிப் போடும்.

காவிரிக்கரை எழுதியது:

டிக்கெட் போட்டாச்சு அக்கா. கரை முழுக்கக் கூழாங்கல்தானாம் என்று அம்மாவிடம் சொன்னேன். "நல்லதாப் போச்சு, கால்ல மண்ணு ஒட்டாதுல்ல" என்றார்.