‘அனுமதிக்க மாட்டோம்’ என்கிறார்கள். மாநில அரசின் கையில் உண்மையில் என்ன இருக்கிறது?

கேள்வி: கோரையாற்றங்கரை

வணக்கம். மன்னார்குடிக்குத் தெற்கே உள்ள ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். தேர்தல் நெருங்குவதால் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திடலில் வாரத்துக்கு ஒரு கட்சி வந்து பேசிவிட்டுப் போகிறது. கொடியும் கரைவேட்டியும்தான் மாறுகின்றன. ‘ஹைட்ரோகார்பனை டெல்டாவுக்குள் அனுமதிக்க மாட்டோம்’ என்ற வரி மாறுவதே இல்லை. மீத்தேன் திட்டத்துக்கு எதிராக இந்த வட்டாரத்தில் ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்த நாட்களில்தான், 2013 டிசம்பர் 30 அன்று, நம்மாழ்வார் ஐயா மறைந்தார். அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த நான் இப்போது இரண்டாவது சட்டமன்றத் தேர்தலில் வாக்களிக்கப் போகிறேன். வரி மட்டும் அப்படியே இருக்கிறது.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. இந்த வாக்குறுதியில் மாநில அரசால் உண்மையில் காப்பாற்றக்கூடிய பங்கு எவ்வளவு? அடுத்தது எங்கள் ஊர் விவகாரம். முப்பது ஏக்கருக்குக் குறையாத மேய்க்கால் புறம்போக்கு ஒன்று இருக்கிறது. சென்ற மாதம் சிலர் வந்து அளந்து, கல் நட்டுவிட்டுப் போனார்கள். சூரிய மின் நிலையம் வரப்போகிறது என்று பேச்சு. இதைப் பற்றி எந்த மேடையிலும் எவரும் வாய் திறக்கவில்லை. வேட்பாளரிடம் எதைக் கேட்டால் மழுப்ப முடியாத பதில் கிடைக்கும்?

பதில்: சட்டம் படித்தவள்

தம்பி, முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்; புறம்போக்கு எனக்கு ஏட்டளவில்தான் தெரியும்.

அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் எண்ணெய் வயல்கள் ஒன்றியப் பட்டியலின் 53ஆம் இனம். சுரங்கங்களும் கனிம வளர்ச்சியும் 54ஆம் இனம். நிலமோ மாநிலப் பட்டியலின் 18ஆம் இனம். பூமிக்குக் கீழே இருப்பதை ஏலம் விடுகிறவர் தில்லியில் இருக்கிறார். மேலே இருப்பதை அளந்து கொடுக்கிறவர் உங்கள் வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கிறார். ஏலத்தை நிறுத்தும் அதிகாரம் மாநிலத்துக்கு இல்லை. ஆனால், கடலில் அல்லாமல் தரையில் எடுக்கும் எண்ணெய், எரிவாயுவுக்கான குத்தகையில், ஒன்றிய அரசின் முன் ஒப்புதலோடு, கையெழுத்துப் போட வேண்டியது மாநில அரசுதான். அந்தக் கையெழுத்தைப் போடாமல் இருக்க முடியும் என்பதே வாக்குறுதியின் உண்மையான எடை. மன்னார்குடி மீத்தேன் திட்டத்துக்கு 2011 ஜனவரியில் தி.மு.க. ஆட்சியில் புரிந்துணர்வு ஒப்பந்தம் ஏற்பட்டது, 2015இல் அ.தி.மு.க. ஆட்சியில் தடை வந்தது. யார் கொண்டுவந்தது, யார் தடுத்தது என்று இரு தரப்பும் இன்றுவரை ஒருவரையொருவர் குத்திக்காட்டுவதற்கு இந்த இரண்டு தேதிகளே மூலம்.

எடப்பாடி பழனிசாமி 2020 பிப்ரவரியில் சேலம் தலைவாசலில் அறிவித்து, அதே மாதத்தில் நிறைவேற்றிய வேளாண் மண்டலச் சட்டத்தை நான் வெறும் கண்துடைப்பு என்று சொல்ல மாட்டேன். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தலா ஐந்து வட்டாரங்களிலும் புதிய எண்ணெய், எரிவாயுத் துரப்பணம் கூடாது என்று அது பெயர் சொல்லியே விலக்குகிறது. ஆனால் ஏற்கெனவே இயங்கும் கிணறுகளை அது தொடவில்லை. துறைமுகம், குழாய்ப்பாதை, சாலை முதலியவற்றுக்கும் விலக்கு உண்டு. திருச்சி, அரியலூர், கரூர் மண்டலத்துக்கு வெளியே நின்றுவிட்டன. அந்தச் சட்டம் வாக்காக மாறவும் இல்லை. பதினான்கு மாதம் கழித்து வந்த 2021 தேர்தலில் தஞ்சாவூர் மாவட்டத்தின் எட்டுத் தொகுதிகளில் அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தது ஒரத்தநாடு ஒன்றுதான்.

2023இல் நடந்ததைக் கவனியுங்கள். ஒன்றிய நிலக்கரி அமைச்சகம் ஏலத்துக்கு அறிவித்த பகுதிகளில் வடசேரி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு, மைக்கேல்பட்டி ஆகிய மூன்றும் இருந்தன. வேளாண் மண்டலச் சட்டம் நடப்பில் இருக்கும்போதே வந்த பட்டியல் அது. ஏப்ரல் 5 அன்று சட்டப்பேரவையில் எல்லாக் கட்சிகளும் எதிர்த்தன, மாநில பா.ஜ.க.வும் நீக்கச் சொல்லிக் கேட்டது, ஏப்ரல் 8 அன்று மூன்றும் நீக்கப்பட்டன. மறு ஆண்டு மக்களவைத் தேர்தல் இல்லாமலிருந்தால் மூன்றே நாளில் நீங்கியிருக்குமா என்பது என் சந்தேகம்.

மேலூர் டங்ஸ்டன் விவகாரமும் இதே வழியில்தான் சென்றது. முக்கியக் கனிமங்களை ஒன்றிய அரசே ஏலம் விடலாம் என்று 2023இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2024 நவம்பரில் 2,015 எக்டேர் பரப்புள்ள நாயக்கர்பட்டிப் பகுதியை ஏலம் விட்டார்கள். டிசம்பர் 9இல் பேரவைத் தீர்மானம், ஜனவரி 7இல் மேலூரிலிருந்து மதுரைக்கு மக்கள் பேரணி, ஜனவரி 23இல் ஏலம் ரத்து. இடையில், ஏலத்துக்கு முன்பே மாநிலம் எதிர்த்ததா இல்லையா என்று இரு அரசுகளும் பழைய கடிதங்களை எடுத்துக் காட்டிச் சண்டையிட்டன. ஆகவே வேட்பாளரிடம் ‘அனுமதிப்பீர்களா’ என்று கேட்காதீர்கள். இல்லை என்றுதான் சொல்வார். தில்லியிலிருந்து கருத்துக் கேட்டுக் கடிதம் வந்தால் எத்தனை நாளில் எழுத்தில் பதில் போடுவீர்கள், அந்தப் பதிலை ஊருக்கு வெளியிடுவீர்களா என்று கேளுங்கள்.

பதில்: நெய்வேலிக்காரர்

மேலே அம்மா எழுதியவற்றில் பிழை இல்லை. ஆனால் பாதியைத்தான் எழுதியிருக்கிறார்கள். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் எரிகிற நிலக்கரியில் பெரும்பகுதி ஒடிசாவின் தால்சேரிலிருந்து இரயிலிலும் கப்பலிலும் வருகிறது. அங்கேயும் ஊர் இருந்தது, வயல் இருந்தது. நம் வயலில் தோண்டக் கூடாது, பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் மட்டும் தடையில்லாமல் வர வேண்டும் என்று ஒரே மேடையில் இரண்டையும் வாக்குறுதியாகத் தருகிறவரைப் பார்த்து, அப்படியானால் மின்சாரம் எங்கிருந்து வரும் என்று எவரும் கேட்பதில்லை. சூரிய மின்சாரத்துக்கும் நிலம்தான் வேண்டும். 2016இல் கமுதியில் வந்த 648 மெகாவாட் நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் பரந்து கிடக்கிறது. ஒரு மெகாவாட்டுக்கு நான்கு ஏக்கர் அளவில் கணக்கு வருகிறது.

இன்னொன்று. நெய்வேலிச் சுரங்கம் ஒன்றிய அரசு நிறுவனத்தினுடையது என்பதால் எல்லாப் பழியையும் தில்லி மீது போட்டுவிடுவது இங்கே வழக்கம். நிலத்தைக் கையகப்படுத்திக் கொடுத்தது 1997ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம். அறிவிப்பில் கையெழுத்திட்டவர்கள் மாநில வருவாய் அலுவலர்கள். 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு பிரிவைச் செல்லாது என்றதும், அ.தி.மு.க. அரசு அவசரமாகப் புதிய சட்டம் இயற்றி அதற்கு உயிர் கொடுத்தது. 2021 ஜூனில், தி.மு.க. ஆட்சிக்கு வந்த மறுமாதம், உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2023 ஜூலையில் வளையமாதேவியில், கதிர் வைக்கும் பருவத்திலிருந்த நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கியபோது காவலுக்கு நின்றதும் மாநிலக் காவல்துறைதான்.

பதில்: ஓய்வுபெற்ற நிலஅளவர்

தம்பியின் இரண்டாவது கேள்விதான் உண்மையில் தேர்தலுக்குரிய கேள்வி. எண்ணெயும் கனிமமும் பாதி தில்லியில் இருக்கிறது. புறம்போக்கு முழுக்க முழுக்க சென்னையிலும் திருவாரூரிலும் இருக்கிறது. பழியைப் போட வேறு ஆள் இல்லை. அதனால்தான் யாரும் பேசுவதில்லை என்று நினைக்கிறேன்.

நடைமுறை இப்படி. கிராம ‘அ’ பதிவேட்டில் உங்கள் புல எண்ணுக்கு எதிரே ‘மேய்க்கால் புறம்போக்கு’ என்று இருக்கும். அதை வேறு துறைக்கோ நிறுவனத்துக்கோ கொடுக்க வேண்டுமானால் முதலில் வகைப்பாட்டை மாற்ற வேண்டும். என் பணிக்காலத்தில் பார்த்த பழைய பதிவேடுகளில், ‘மேய்க்கால்’ என்ற சொல்லின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் ‘தீ.ஏ.த.’ என்று எழுதி, குறிப்புக் கலத்தில் ஆணை எண்ணையும் தேதியையும் இட்டுச் சுருக்கொப்பம் போட்டிருப்பார்கள். தீர்வை ஏற்பட்ட தரிசு என்பதன் சுருக்கம் அது. மாடு மேய்ந்துகொண்டிருக்கும் நிலம், மேய்கிற மாட்டுக்கே தெரியாமல் தரிசாகிவிடும். பிறகு நிலமாற்றம், குத்தகை எல்லாம் எளிது. பல நேரங்களில் ஆணை வருவதற்கு முன்பே ‘முன்நுழைவு அனுமதி’ கொடுத்து வேலையை ஆரம்பித்துவிடுவார்கள். கல் நட்டிருப்பதாக நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது அதுதான்.

1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டப்படி மேய்ச்சல் தரை, களம், சுடுகாடு, வண்டிப்பேட்டை, தோப்பு ஆகிய புறம்போக்குகள் ஊராட்சியின் பொறுப்பில் இருப்பவை. எனவே கோப்பில் ஊராட்சித் தீர்மானம் ஒன்று கேட்பார்கள். இங்கேதான் சிக்கல். உங்கள் மாவட்டம் உட்பட ஊரக உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. தலைவரும் வார்டு உறுப்பினர்களும் இல்லாத நாற்காலியிலிருந்து, ஒரே ஓர் அரசு அலுவலரின் ஒப்பத்தோடு ‘ஊராட்சித் தீர்மானம்’ வரக்கூடும். கேட்கிறவரும் அரசு, கொடுக்கிறவரும் அரசு.

2023 ஏப்ரல் 21 அன்று, பேரவைக் கூட்டத்தொடரின் கடைசி நாளில், விவாதமே இல்லாமல் நிறைவேறிய நில ஒருங்கிணைப்புச் சட்டத்தையும் மறக்க வேண்டாம். 100 எக்டேருக்குக் குறையாத, நீர்நிலைகளை உள்ளடக்கிய சிறப்புத் திட்டங்களுக்கானது அது. உங்கள் முப்பது ஏக்கருக்குப் பொருந்தாது. ஆனால் பொது நிலத்தைப் பற்றி அவைக்குள் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்பதற்கு அதுவே அளவுகோல். உங்கள் வேட்பாளர் ஏற்கெனவே உறுப்பினராக இருந்தவர் என்றால், அன்று என்ன பேசினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

கோரையாற்றங்கரை

மூவருக்கும் நன்றி. நேற்று கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டைக் காட்டச் சொன்னேன். மேய்க்கால் என்றுதான் இன்னும் இருக்கிறது. கோடு எதுவும் இல்லை. ஆனால் புல எண் இரண்டு உட்பிரிவாகப் பென்சிலால் பிரித்துக் குறிக்கப்பட்டிருந்தது. பெரிய பங்கு இரண்டாவது உட்பிரிவில். கேட்டதற்கு, ‘அது சும்மா குறிப்புக்காக’ என்றார்.

மாலையில் ஒரு வேட்பாளர் வந்தார். நெய்வேலிக்காரர் சொன்னது மனத்தில் இருந்ததால், சூரிய மின்சாரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேய்க்கால் வகைப்பாட்டை மாற்றுவதற்கு முன் கிராம சபையைக் கேட்பீர்களா என்று மட்டும் கேட்டேன். அவர் ஹைட்ரோகார்பனைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினார். மறுபடியும் அதையே கேட்டேன். அவருடன் வந்தவர் துண்டறிக்கையின் பின்பக்கத்தில் புல எண்ணை எழுதிக்கொண்டார். ஊரில் எத்தனை மாடு இருக்கிறது என்றும் கேட்டார். இருநூறுக்கு மேல் என்று பின்னாலிருந்து ஒரு பாட்டி சொன்னார். ஆட்டைச் சேர்க்கவில்லை என்றும் சொன்னார்.

ஓய்வுபெற்ற நிலஅளவர்

பென்சில் கோடு சும்மா விழாது. உட்பிரிவு வரைபடம் ஒன்று தயாராகி வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்க வேண்டும். அதன் நகலையும், முன்நுழைவு அனுமதி வழங்கப்பட்டிருந்தால் அந்த ஆணையின் நகலையும், இரண்டு தனித்தனி மனுக்களாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இன்றே கேளுங்கள். ஒரே மனுவில் கேட்டால் ஒன்றுக்கு மட்டும் பதில் வரும். அடுத்த கிராம சபையில், தனி அலுவலர் தலைமையில் நடந்தாலும் பரவாயில்லை, மாட்டுக் கணக்கைத் தீர்மானத்தின் முதல் வரியிலேயே எழுதச் சொல்லுங்கள். பாட்டி சொன்ன ஆட்டையும் சேர்த்து.