புதிய நாட்டில் நள்ளிரவு 12.30-க்கு இறங்குகிறோம்: இருவர், இரண்டு முதுகுப்பை. முதல் சில மணி நேரம் எப்படி?

கேள்வி

வணக்கம். கணவன் மனைவி இருவரும் முதுகுப்பையோடு நீண்ட பயணம் கிளம்புகிறோம். முதல் நாட்டில் விமானம் இறங்குவது 12-ஆம் தேதி பிறந்து அரை மணி நேரத்தில். கிழக்கு நோக்கிப் பறக்கிறோம், நேர வித்தியாசம் 6 மணி. பைகள் தலா 12 கிலோ, இரண்டும் சரக்கில் போகும். விசா கைக்கு வந்துவிட்டது.

இறங்கின அன்றைக்கு அசதியில் எடுக்கிற தப்பான முடிவுகளால்தான் பல பேருக்கு அந்த ஊரே பிடிக்காமல் போகிறது என்கிறார்கள். விமானக் கதவிலிருந்து கட்டில் வரை எதை எந்த வரிசையில் முடிப்பது? பணமும் சிம்மும் விமான நிலையத்திலேயே வாங்குவதா, காலையில் ஊருக்குள் பார்த்துக்கொள்வதா?

மறுமொழி 1

எல்லாவற்றுக்கும் முன்னால் விடுதி முன்பதிவின் தேதியைப் பாருங்கள். 12-ஆம் தேதி 00.30-க்கு இறங்குபவர்கள் அறை எடுக்க வேண்டியது 11-ஆம் தேதி இரவுக்கு. 12 என்று போட்டிருந்தால் அன்று பிற்பகல்தான் அறை கிடைக்கும், விடிய விடிய வரவேற்பறை நாற்காலிதான். 11 என்று சரியாகப் போட்டாலும், "நள்ளிரவு தாண்டி 2 மணிக்கு வருவோம்" என்று விடுதிக்கு எழுதிப் பதில் வாங்கிவிடுங்கள். சொல்லாவிட்டால் வரவில்லை என்று குறித்து அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிட வாய்ப்புண்டு.

குடிநுழைவில் கேட்பது பெரும்பாலும் முதல் இரவின் முகவரி, எத்தனை நாள் தங்கல், திரும்பும் அல்லது அடுத்த நாட்டுக்குப் போகும் டிக்கெட், இவ்வளவுதான். இருவரும் தனித்தனி வரிசையில் நிற்க நேரலாம். அதனால் இவை மூன்றும் இருவர் கையிலும் காகிதத்தில் இருக்கட்டும், சொல்லும் நாள் கணக்கும் ஒன்றாக இருக்கட்டும். முத்திரை குத்தியதும் நகராமல் அங்கேயே தேதியையும் அனுமதித்த நாட்களையும் படியுங்கள். பிழை இருந்தால் கவுன்ட்டரில் நிற்கும்போது திருத்துவது எளிது, நாட்டை விட்டு வெளியேறும் நாளில் அது அபராதமாக வந்து நிற்கும். பல நாடுகளில் அந்த நாள் கணக்கில் வந்திறங்கிய நாளே முதல் நாள்.

மறுமொழி 2

பணம், சிம் பற்றி: நள்ளிரவு என்பதால் இரண்டையும் வெளிக்கதவைத் தாண்டும் முன்பே முடியுங்கள். ஆனால் குறைந்த அளவில். நாணய மாற்றுக் கவுன்ட்டரை விட ஏடிஎம் பெரும்பாலும் மேல். திரையில் "உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்தி, உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். சம்மதித்தால் நாணய மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது அந்த ஏடிஎம்மை நடத்துபவர், உங்கள் வங்கி அல்ல. வண்டிக்கும் மறுநாள் சாப்பாட்டுக்கும் போதுமான அளவு எடுத்து, உடனே ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிச் சில்லறை ஆக்கிக்கொள்ளுங்கள். பெரிய நோட்டோடு நள்ளிரவு வண்டியில் ஏறினால் "சில்லறை இல்லை" என்ற பதில்தான் வரும்.

ஒருவரின் கார்டை மட்டும் வெளியே எடுங்கள். மற்றவரின் கார்டு மற்றவர் உடம்போடு இருக்கட்டும். இயந்திரம் ஒன்றை விழுங்கினாலும் இன்னொன்று மிஞ்சும். இரண்டும் ஒரே வங்கிக் கணக்கின் கார்டுகளானால் இந்த ஏற்பாடு பாதிதான் பலன் தரும்: ஒன்றில் சந்தேகம் வந்து வங்கி கணக்கையே முடக்கினால் இரண்டும் போச்சு.

இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே நிறுவும் சிம்) என்றால் கிளம்பும் முன் வீட்டு வைஃபையிலேயே நிறுவிவிடுங்கள். நிறுவ இணையம் வேண்டும், இறங்கின இடத்தில் அது கிடைக்கும் என்று நம்பக் கூடாது. நம் ஊர் சிம்மைக் கழற்றிவிட்டால் வங்கியின் ஓடிபி வராது என்பதையும் மறக்காதீர்கள். ஒரு போனில் புது இணைப்பு, இன்னொரு போனில் ரோமிங்கோடு ஊர் சிம், இரண்டிலும் இணையமில்லாமல் திறக்கும் வரைபடம். அன்றைய இரவுக்கு இது போதும்.

மறுமொழி 3

பைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. முதுகுப்பையின் தோள்பட்டை, இடுப்புப்பட்டை எல்லாம் தொங்கினபடி சரக்கில் போட்டால் கன்வேயர் பெல்ட்டில் மாட்டிப் பிய்யும், முதலில் உடைவது கொக்கி. இடுப்புப்பட்டையைப் பின்பக்கமாகச் சுற்றிப் பூட்டுங்கள், அல்லது பை முழுவதையும் ஒரு உறைக்குள் போடுங்கள்.

தம்பதிகள் அடிக்கடி விடுகிற தவறு, ஆளுக்கொரு பை என்று பிரிப்பது. இருவர் பையிலும் மற்றவருக்கு ஒரு ஜோடி உடை வையுங்கள். ஒன்று வராவிட்டாலும் இருவருக்கும் மாற்று உடை இருக்கும். மருந்து, கண்ணாடி, பவர் பேங்க் கைப்பையில். லித்தியம் பவர் பேங்கைச் சரக்கில் போடவே கூடாது. 100 வாட்-மணி வரை கைப்பையில் கொண்டுபோகலாம். 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்பது 3.7 வோல்ட்டில் 74 வாட்-மணி, கவலையில்லை.

பை வராவிட்டால் அந்த மண்டபத்தை விட்டு வெளியேறும் முன்பே விமான நிறுவனக் கவுன்ட்டரில் புகார் எழுதி, எண்ணோடு நகல் வாங்குங்கள். விமான நிறுவனங்களின் இழப்பீட்டுப் பொறுப்பு பற்றிய 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும் பயணங்களில், சேதத்துக்குப் பை கைக்கு வந்த 7 நாளுக்குள்ளும், தாமதத்துக்கு 21 நாளுக்குள்ளும் எழுத்தில் கேட்க வேண்டும். ஆனால் காலியான கன்வேயர் பெல்ட்டைப் பார்த்துக் கண்ணீர் விடும் முன், பெரிய சாமான்கள் வரும் தனி வாசலையும் எட்டிப் பாருங்கள். பட்டை தொங்கும் பைகளைச் சில விமான நிலையங்களில் அங்கேதான் அனுப்புகிறார்கள்.

கேள்வி கேட்டவர்

நன்றி. தேதி விஷயம் சரிதான், 12 என்றே போட்டிருந்தோம், மாற்றிவிட்டோம். வண்டியும் தூக்கமும் மட்டும் பாக்கி.

மறுமொழி 4

வண்டி: விடுதியின் பெயரும் முகவரியும் உள்ளூர் எழுத்தில் திரையில் இருக்கட்டும். முன்பணம் கட்டும் கவுன்ட்டரோ செயலியோ இருந்தால் அதுவே போதும், வாசலில் வந்து கையைப் பிடிப்பவரோடு பேரம் வேண்டாம். பை டிக்கியில் இருந்தால், இறங்கும்போது ஒருவர் பைகள் இரண்டையும் தரையில் வைத்த பிறகே மற்றவர் பணம் கொடுக்க வேண்டும். இருவரும் ஒரே சமயம் இறங்கி, டிக்கி மூடியிருக்க வண்டி நகர்வதுதான் பெரிய ஆபத்து.

அறைக்குள் போனதும் பையைக் கட்டிலில் போடாதீர்கள், குளியலறைத் தரையில் வையுங்கள். மெத்தையின் நான்கு மூலைத் தையலையும் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். மிளகுப்பொடி தூவினதுபோல் கருப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி, உடனே வேறு அறை கேளுங்கள்.

தூக்கம்: 6 மணி கிழக்கே என்றால், உங்கள் உடம்புக்கு அதிகாலை 4, 5 மணி என்பது அங்கே காலை 10, 11. அதற்கு முன் வெயிலில் நின்றால் உடல் கடிகாரம் எதிர்த்திசையில் தள்ளிப்போகும். முதல் நாள் 11 மணி வரை ஜன்னல் திரையை மூடிக்கொண்டு அறையில் இருங்கள், பிறகு நல்ல வெளிச்சத்தில் நடங்கள். பகல் தூக்கம் 30 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். உடம்பு நாளுக்கு ஏறக்குறைய 1 மணி நேரம்தான் நகரும்.

அதனால் முதல் 2 நாளுக்கு ஊர் மாறுவது, அடுத்த டிக்கெட் எடுப்பது, "இங்கே இருக்கலாமா, கிளம்பலாமா" என்று இருவரும் பேசி முடிவு செய்வது எதுவும் வேண்டாம். விடுதியைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் நடந்து மருந்துக்கடை, பேருந்து நிறுத்தம், தண்ணீர் கிடைக்கும் இடம் மூன்றையும் வரைபடத்தில் குறித்து வையுங்கள். மூன்றாம் நாள் காலை ஊர் எப்படி இருக்கிறது என்று பேச ஆரம்பிக்கலாம்.