காட்பாடி காந்திநகரில் இனி குடியிருக்க முடியுமா?

கேள்வி: 2011ல் காட்பாடியின் தாராபடவேடு பகுதி வேலூர் மாநகராட்சியோடு சேர்வதற்கு முன்பிருந்தே இங்கே இருக்கிறோம். பாதாள சாக்கடைக்குத் தோண்டிய தெருவில் ஒப்பந்தக்காரர் மண்ணை மட்டும் தள்ளிவிட்டுப் போய்விட்டார், மழை பெய்தால் ஸ்கூட்டர் சக்கரம் பாதி புதைகிறது, ராத்திரி பைக் சத்தத்தில் அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. வீடு மாற்றிவிடலாமா?

பதில்: எல்லாம் வெளியூர்ப் பசங்களாலும் வடக்கிலிருந்து வருபவர்களாலும்தான் சார். தெரு முழுக்க ஹாஸ்டல் ஆகிவிட்டது.

பதில்: அண்ணா, அப்படிச் சொல்லாதீர்கள், மனசு கஷ்டமாக இருக்கிறது. வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் படிக்கும் பசங்க தரும் வாடகையில்தான் இங்கே பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வந்த வங்காளக் குடும்பம் எங்கள் மாடியில் இருக்கிறது, மக்கும் குப்பை மக்காத குப்பை என்று பிரித்து வாசலில் வைப்பது அவர்கள்தான். நாலு பேர் இருக்கும் வீட்டில் பன்னிரண்டு பேரை ஏற்றும் வீட்டுக்காரரைக் கேளுங்கள், செப்டிக் டேங்க் வழிவது அதனால்தான்.

பதில்: சரி, வீடு மாற்றுவதை அப்புறம் பார்க்கலாம். குழியைப் படம் எடுத்து, தெருக்காரர்கள் எல்லோரும், மாடியில் இருக்கும் பசங்களையும் சேர்த்து, கையெழுத்துப் போட்டு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். ரசீது வாங்காமல் வராதீர்கள்.