திரும்பும் லாரி, பக்கத்தில் சைக்கிள்: எச்சரிக்கைக் கருவிகளோடு உங்கள் அனுபவம்

லண்டனிலிருந்து:

மைல் எண்ட் சாலை வழியாக அன்றாடம் சைக்கிளில் வேலைக்குப் போகிறவன் நான். அண்மையில் ஒரு சிக்னலில் டிப்பர் லாரிக்கு இடப்புறம் நின்றிருந்தபோது, அதன் இண்டிகேட்டர் எரிந்த கையோடு, 'கவனம், இந்த வாகனம் இடப்புறம் திரும்புகிறது' என்று ஒரு பதிவுக்குரல் திரும்பத் திரும்ப ஒலித்தது. நான் விலகிக்கொண்டேன். ஆனால் நான் அங்கே நிற்பது ஓட்டுநருக்குத் தெரிந்திருந்ததா என்பது கடைசிவரை எனக்கு விளங்கவில்லை. எச்சரிக்கை என் காதில் விழுந்து என்ன பயன், ஸ்டியரிங் அவர் கையில் அல்லவா இருக்கிறது!

லண்டனில் 2024 அக்டோபர் 28 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகள் நேரடிப் பார்வைத் தரத்தில், அதாவது ஓட்டுநர் தன் இருக்கையிலிருந்து ஜன்னல்கள் வழியே நேரடியாக எவ்வளவு பார்க்க முடிகிறது என்ற மதிப்பீட்டில், மூன்று நட்சத்திரமாவது பெற்றிருக்க வேண்டும். இல்லையென்றால், பக்கவாட்டில் வரும் சைக்கிளை ஓட்டுநருக்கே உணர்த்தும் சென்சார் உள்ளிட்ட கருவிகளைப் பொருத்தியாக வேண்டும். விளக்குக் கம்பத்துக்கும் சாலையோரக் கம்பிவேலிக்கும் அந்த சென்சார் ஒலி எழுப்பக்கூடாது என்ற நிபந்தனையைத்தான் நான் பெரிதும் வரவேற்கிறேன். எதைக் கண்டாலும் கத்தும் கருவியை யார்தான் பொருட்படுத்துவார்கள்?

ஜேர்மனியிலிருந்து:

நான் ரூர் பகுதியில் பாரவூர்தி ஓட்டுகின்றேன். வாகனங்கள் வீதியின் வலப்பக்கமாக ஓடுவதால், இங்கே வலப்புறம் திரும்பும்போதுதான் ஆபத்து. 2020 ஏப்ரல் முதல், 3.5 தொன்னுக்கு மேற்பட்ட வாகனங்கள் நகருக்குள், நேரே செல்லும் சைக்கிளோ வீதியைக் கடக்கும் பாதசாரியோ வரக்கூடிய இடங்களில், நடைவேகத்திலேயே வலப்புறம் திரும்ப வேண்டும். பின்னால் நிற்பவர்கள் ஹோர்ன் அடிப்பார்கள். அதை நான் கணக்கில் எடுப்பதில்லை.

சென்ற மாரிகாலத்தில் ஒரு சந்தியில் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தபோது, நிறுத்தியிருந்த வான்களையும் மழைத்துளிகளையும் தவிர எதுவும் தெரியவில்லை. திரும்பத் தொடங்கியதும், முன்கண்ணாடியின் வலத் தூணில் இருந்த, பக்கவாட்டைக் கண்காணிக்கும் ராடர் கருவியின் சிறு விளக்கு மஞ்சளாகி, உடனேயே சிவப்பாக மாறி ஒலித்தது. பிரேக்கை மிதித்த இடத்திலேயே வண்டி நின்றது. வான்களின் மறைவிலிருந்து, பின்னால் குழந்தை இருக்கை பூட்டிய சைக்கிள் ஒன்று என் முன்சில்லைக் கடந்து சென்றது. நான்காவது கண்ணாடியைப் பார்க்கும்போது முதலாவதில் என்ன நடக்கின்றது என்பதை எந்தச் சாரதியாலும் அறிய முடியாது. அந்த இடைவெளியைத்தான் ராடர் நிரப்புகின்றது. ஆயினும் நான் வேகமாகத் திரும்பியிருந்தால், விளக்கு எரிந்தும் பயனிருந்திராது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் பதிவாகும் புதிய பாரவூர்திகள் அனைத்திலும் இக்கருவி கட்டாயம். பழையவற்றுக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்பதே என் குறை.

லண்டனிலிருந்து:

விரிவாக எழுதியதற்கு நன்றி ஐயா. சென்சாரின் மேல் சேறு படிந்தால் என்ன ஆகும்?

ஜேர்மனியிலிருந்து:

கருவி வேலை செய்யவில்லை என்று திரையில் காட்டும், தம்பி. பனிக்காலத்தில் புறப்படுமுன் நான் துணியால் துடைத்துவிடுவேன்.